சின்ன ட்ரெய்லர், குறுகலான கேம்ப்சைட்: ரிவர்ஸ் எடுப்பது பற்றி உங்கள் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் காரின் பின்னால் இழுத்துச் செல்லும் முகாம் ட்ரெய்லரை ரிவர்ஸ் எடுப்பது பற்றியவைதான். அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா மூன்றிலிருந்தும் வந்திருப்பதால், இடது வலது சொல்லும்போது உங்கள் ஊரில் ஸ்டீயரிங் எந்தப் பக்கம் என்பதைக் கவனித்துப் படியுங்கள்.

அண்ணா, என்னுடையது 16 அடி ட்ரெய்லர்தான். நண்பர் 28 அடி ட்ரெய்லரை அலுங்காமல் உள்ளே விடுகிறார், எனக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் ட்ரெய்லர் கார் பக்கமாக மடங்கிக்கொள்கிறது. ஏன்?

உங்கள் கையில் குறை இல்லை. ஹிட்ச் பந்துக்கும் (ட்ரெய்லரை மாட்டும், காரின் பின்னால் இருக்கும் உருண்டை) ட்ரெய்லர் அச்சுக்கும் நடுவே இருக்கும் நீளம்தான் காரணம். அது குறையக் குறைய ட்ரெய்லர் வேகமாகத் திரும்பும், நீங்கள் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் ஒடித்தாலே அது நிறைய ஒடியும். நீளமான ட்ரெய்லர் மெதுவாகத் திரும்புவதால் தப்பைத் திருத்த நேரம் கிடைக்கும், சின்னதில் அந்த நேரம் கிடையாது. அதனால் ஆக்ஸிலரேட்டரைத் தொடவே வேண்டாம். சமதளத்தில் பிரேக்கைக் கொஞ்சம் விட்டாலே ஆட்டோமேட்டிக் வண்டி தானாக நகரும், அந்த வேகம் போதும். ட்ரெய்லர் கோணம் தப்புகிறது என்று தோன்றிய உடனே நிறுத்தி, முன்னால் நேராக எடுத்துவிட்டு மறுபடி வாருங்கள், ஏனென்றால் ஓர் அளவுக்கு மேல் மடங்கிவிட்டால் ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் பின்னால் போய் அதைச் சரிசெய்ய முடியாது, ட்ரெய்லரின் முன் மூலையோ கேஸ் சிலிண்டரோ உங்கள் பம்பரில் வந்து இடிக்கும்.

ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்புவது என்று கடைசி நிமிடத்தில் குழம்பிவிடுகிறது.

கையை ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தில், கடிகாரத்தில் 6 இருக்கும் இடத்தில் வையுங்கள். ட்ரெய்லரின் வால் இடப்பக்கம் போக வேண்டுமா, கையை இடப்பக்கம் நகர்த்துங்கள். வலமென்றால் வலம். அவ்வளவுதான். ஆனால் இதைச் சொல்லிக்கொடுக்கிறவர்கள் அடுத்த பாதியை விட்டுவிடுகிறார்கள்: ட்ரெய்லர் திரும்ப ஆரம்பித்ததும் ஸ்டீயரிங்கை மெதுவாக எதிர்ப்பக்கம் கொண்டுவந்து, காரை ட்ரெய்லரின் பின்னாலேயே போக விட வேண்டும். அதைச் செய்யாவிட்டால் கோணம் கூடிக்கொண்டே போய் மடங்கிவிடும். ஊரில் டிராக்டர் டிப்பரை ரிவர்ஸ் எடுத்தவர்களுக்கு இது பழகிய விஷயம், கொஞ்சம் ஒடிப்பார்கள், உடனே திருப்பிவிடுவார்கள்.

பாதை ஒரு வண்டி போகும் அகலம்தான், எதிரே மரம். எந்த இடத்திலிருந்து ரிவர்ஸ் தொடங்குவது?

இதுதான் சரியான கேள்வி. பின்னால் போகும்போது செய்வதைவிட, அதற்கு முன் வண்டியை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறீர்கள் என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. முதலில் இறங்கி நடந்து பாருங்கள். கரண்ட் கம்பம் எங்கே, மேசை எங்கே, வெட்டிய மரத்தின் அடிக்கட்டை புல்லுக்குள் மறைந்திருக்கிறதா, மேலே கிளை எவ்வளவு தாழ்வு.

கேம்ப்சைட் ஓட்டுநர் பக்கம் இருந்தால் நல்லது, அதாவது அமெரிக்கா, கனடாவில் இடப்பக்கம், ஆஸ்திரேலியாவில் வலப்பக்கம். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ட்ரெய்லர் சக்கரத்தை நேராகப் பார்க்கலாம். பல முகாம்களில் பாதை ஒருவழிச் சுற்று என்பதால் அங்கே போனபிறகு பக்கத்தை மாற்ற முடியாது, முன்பதிவு செய்யும்போதே வரைபடத்தைப் பார்த்து எடுங்கள்.

இனி நிறுத்தும் முறை. இடப்பக்கம் திரும்புவதாக வைத்துக்கொள்வோம். பாதையின் இட ஓரத்தை ஒட்டியே வாருங்கள். உங்கள் காரின் மூக்கு கேம்ப்சைட் வாசலைத் தாண்டும்போது வலப்பக்கம் ஒடித்து முன்னேறுங்கள், எதிர் ஓரத்தை நெருங்கியதும் நேராக்கி நிறுத்துங்கள். இப்போது கண்ணாடியில் பார்த்தால் ட்ரெய்லரின் வால் ஏற்கெனவே வாசலை நோக்கிச் சாய்ந்திருக்கும், நீங்கள் திருப்ப வேண்டிய கோணம் பாதியாகிவிட்டது. எதிரே இருக்கும் சைட் காலியாக இருந்தால் காரின் மூக்கை அதன் வாசலுக்குள் விட்டுக்கொள்ளலாம். ஆள் இருந்தால் வேண்டாம், அது அவர்கள் முற்றம்.

ஒன்று மறக்காதீர்கள்: ட்ரெய்லர் உள்ளே திரும்பும்போது காரின் முன்பக்கம் எதிர்ப்பக்கமாக வீசும். எல்லாரும் பின்னால் பார்த்துக்கொண்டிருப்பார்கள், நீங்கள் சொல்லும் அந்த எதிர் மரத்தில் இடிப்பது முன் மூலைதான்.

வழிகாட்ட என் மனைவி இறங்குகிறார். ஒவ்வொரு முறையும் சண்டையில் முடிகிறது.

நம் ஊர் லாரி கிளீனர் பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டு “வா வா வா, ஹோல்டான்” என்று சொல்வதை நினைத்துப் பாருங்கள். ஒரே ஆள், சில சொற்கள், அந்தச் சொற்களின் அர்த்தம் இருவருக்கும் தெரியும். அதேபோல் கிளம்பும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். “லெஃப்ட்” என்றால் ட்ரெய்லரின் வால் லெஃப்ட் போக வேண்டும் என்று அர்த்தம், ஸ்டீயரிங் அல்ல. பெரும்பாலான சண்டை இங்கேதான் தொடங்குகிறது! அவர் முகம் உங்கள் கண்ணாடியில் தெரிய வேண்டும், மறைந்தால் அந்த நொடியே பிரேக். மரத்துக்கும் ட்ரெய்லருக்கும் நடுவே அவர் ஒருபோதும் நிற்கக் கூடாது, குழந்தைகளையும் ஓரிடத்தில் உட்கார வைத்துவிடுங்கள். பல பூங்காக்களில் போன் சிக்னல் கிடைக்காது, ஒரு ஜோடி வாக்கிடாக்கி வாங்கிக்கொள்ளுங்கள்.

கழற்றிவிட்டுக் கையால் தள்ளி உள்ளே விடலாமா?

சமதளம், கெட்டியான தரை, சில நூறு கிலோ எடையுள்ள குட்டி ட்ரெய்லர், இரண்டு பேர் என்றால் முடியும். கொஞ்சம் சரிவு இருந்தாலும் செய்யாதீர்கள். ஆஸ்திரேலிய கேரவன்களில் (அங்கே ட்ரெய்லருக்கு அதுதான் பெயர்) முன்சக்கரமும் ஹேண்ட் பிரேக்கும் இருக்கும். அமெரிக்க ட்ரெய்லர்களில் பொதுவாக ஹேண்ட் பிரேக் கிடையாது, எலக்ட்ரிக் பிரேக் காரிலிருந்து கழற்றியதும் வேலை செய்யாது, உருள ஆரம்பித்தால் உங்கள் உடம்புதான் பிரேக். எந்த நாடாக இருந்தாலும் இரண்டு பக்கச் சக்கரத்துக்கும் முட்டுக்கட்டை போட்ட பிறகே ஹிட்ச்சைக் கழற்ற வேண்டும். அடிக்கடி இந்த நிலைமை வருகிறதென்றால் ட்ரெய்லரைத் தானே நகர்த்தும், ரிமோட்டில் ஓடும் மோட்டார் (mover) பொருத்திக்கொள்ளலாம், விலை அதிகம்தான்.

ஓடும்போது ட்ரெய்லர் பக்கவாட்டில் ஆடாமல் தடுக்கும் உராய்வு வகை ஸ்வே பார் இருக்கிறது. ரிவர்ஸில் கழற்ற வேண்டுமா?

ஆமாம். கூர்மையாகத் திரும்பினால் வளைந்துவிடும்.

கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் இருக்கும் அப்பர் பைன்ஸ் முகாமில் என் ட்ரெய்லர் நுழையுமா?

அங்கே ட்ரெய்லருக்கு 24 அடி வரம்பு, ஆர்.வி.க்கு (தானே ஓடும் வீட்டு வண்டி) 35 அடி. சைட்டுக்குச் சைட் அளவு மாறும், நீங்கள் பதிவு செய்யும் சைட்டின் விவரத்தையும் பாருங்கள். மாடல் பெயரில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள். பல கம்பெனிகள் முன்னால் நீளும் கம்பியை அதில் சேர்ப்பதில்லை, அதுவே 3, 4 அடி வரும். டேப்பை எடுத்து நீங்களே அளந்துவிடுங்கள்.

வேலை முடிந்து கிளம்பினால் போய்ச்சேர இரவு ஆகிவிடுகிறது. என்ன செய்வது?

முதல் இரவை வழியிலேயே, ரிவர்ஸ் எடுக்கத் தேவையில்லாத நேர்வழி சைட் ஒன்றில் கழியுங்கள். ஒரு முறை நான் இருட்டில் டார்ச்சைத் தரையில் மட்டுமே அடித்துப் பார்த்துக்கொண்டு உள்ளே விட்டேன், மேலே இருந்த கிளை கூரைக் காற்றுத்துளையின் மூடியைப் பெயர்த்துவிட்டது, விடிவதற்குள் மழை, மெத்தை முழுக்க நனைந்து குழந்தைகள் காரில் தூங்கினார்கள். போய்த்தான் ஆக வேண்டும் என்றால் சைட்டின் இரண்டு பின் மூலையிலும் ஒவ்வொரு லாந்தர் விளக்கை வைத்துவிட்டு, டார்ச்சை முதலில் மேலே அடியுங்கள்.