லஸ்கர் வீடு – கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மா,

மே மாத லீவுக்கு மனைவியின் ஊருக்குப் போயிருந்தேன். நீடாமங்கலம் பக்கம். கோரையாற்றில் ஒரு ரெகுலேட்டரை (தண்ணீரைத் தடுத்துப் பிரித்துவிடும் மதகு) ஒட்டி இடிந்த ஓட்டு வீடு ஒன்றைப் பார்த்தேன். சுவரில் ஆலங்கன்று முளைத்திருக்கிறது. லஸ்கர், அதாவது மதகைப் பார்த்துக்கொள்ளும் அரசு ஊழியர், குடியிருந்த வீடாம். இப்போதைய லஸ்கர் டவுனிலிருந்து பைக்கில் வந்து போகிறார், நாலு இடத்துக்கு அவர் ஒருவர்தான் என்றார்கள். ஷட்டரைத் திறந்து மூட ஒரு ஆள், அவருக்கு ஆற்றங்கரையில் ஒரு வீடு என்பதெல்லாம் பழைய ஏற்பாடுதானே? மோட்டாரும் சென்சாரும் வந்தபிறகு இதற்காக வருத்தப்பட வேண்டுமா? 2018-இல் திருச்சி பக்கம் முக்கொம்பு மேலணை உடைந்ததற்கும் லஸ்கர்கள் குறைந்ததற்கும் சம்பந்தம் உண்டா? லஸ்கர் என்ற பெயரையாவது மாற்றலாமே? படம் இணைத்திருக்கிறேன்.

கா., சென்னை

அன்புள்ள கா.,

முதலில் படத்தைத்தான் திறந்தேன். கடிதத்தைப் படிக்க அரைமணி நேரம் ஆனது. போன மாதம்தான் எங்கள் ஊர் லஸ்கரின் மனைவி, நாங்கள் லஸ்கர் அத்தை என்று கூப்பிடுகிறவர், இறந்துபோனார். அவருடைய மகள் எனக்கு ஐந்தாம் வகுப்பு வரை பெஞ்சுத் தோழி. துக்கம் கேட்கப் போய்வந்ததிலிருந்து அந்தக் குடும்பத்தைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

முக்கொம்பை இதில் இழுக்காதீர்கள். 2018 ஆகஸ்ட் 22 ராத்திரி கொள்ளிடம் பக்கம் 45 மதகுகளில் 9 போனது. ஆர்தர் காட்டன் 1830-களில் கட்டியது அது. அது வேறு விஷயம். பெயர் பற்றிய கேள்வியும் அப்படித்தான். பாரசீகத்தில் படை என்று பொருள் தரும் சொல்லிலிருந்து வந்தது. இருந்துவிட்டுப் போகட்டும். ஷட்டர்களைக்கூட நாங்கள் சட்ரஸ் என்றுதான் சொல்வோம்.

என்னைச் சுட்டது வேறு வரி. "ஷட்டரைத் திறந்து மூட ஒரு ஆள்." தம்பி, இதை மணல் தெரிகிற மே மாத ஆற்றைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறீர்கள். ஆறு காய்ந்து கிடக்கும்போது பார்த்தால் லஸ்கர் வேலை இல்லாத ஆளாகத்தான் தெரிவார்.

வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்தால் தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாள் ஆகும். அங்கே காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்று பிரியும். வெண்ணாறு தென்பெரம்பூரில் வெட்டாற்றைப் பிரித்துவிட்டு, நீடாமங்கலம் மூணாறு தலைப்புக்கு வந்து வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாக இன்னொரு தடவை பிரியும். இப்படிப் பிரிகிற ஒவ்வொரு இடத்திலும் ஒருவர் நின்று, இந்தப் பக்கம் இவ்வளவு, அந்தப் பக்கம் இவ்வளவு என்று விட்டால்தான் கடைமடைக்குத் தண்ணீர் போகும். எங்கள் லஸ்கர் மாமா காலை ஆறு மணிக்குக் கேஜ், அதாவது நீர்மட்ட அளவுகோல், பார்த்து நோட்டில் எழுதுவார். சாயங்காலமும் எழுதுவார். சட்ரஸைத் தூக்கி இறக்கும் மரையில் கிரீஸ் தடவுவார். சட்ரஸில் வந்து அடைக்கிற ஆகாயத்தாமரையை, வாழைமரத்தை, சில நாள் செத்த கன்றுக்குட்டியைத் துரட்டி போட்டு இழுப்பார். முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தில், ராத்திரி திருட்டுத்தனமாகச் சட்ரஸைத் தூக்க வருகிறவர்களோடு சண்டை போடுவார். அவருக்குக் காய்ச்சல் வந்தால் அத்தை கேஜ் பார்த்து எழுதுவார். அத்தைக்குச் சம்பளம் கிடையாது.

இதெல்லாம் சரி, பைக்கில் வந்தும் செய்யலாம் என்பீர்கள். அந்த ஒரு ராத்திரியைச் சொல்கிறேன்.

1977 புயலுக்கு இரண்டு வருஷம் கழித்து, ஐப்பசி அடைமழை. நாற்று நட்டு வேர் பிடித்திருந்த சமயம். எங்கள் வீடு எதிர்க்கரையில். சட்ரஸுக்குக் கீழே தண்ணீர் விழுகிற இரைச்சல் எங்களுக்குத் தாலாட்டு மாதிரி, இருப்பதே தெரியாது. நடுராத்திரி லஸ்கர் மாமா எழுந்துவிட்டார். யாரும் எழுப்பவில்லை. இரைச்சல் நின்றதுதான் அவரை எழுப்பியது.

இரைச்சல் நின்றால் என்ன பொருள் தெரியுமா? கீழ்ப்பக்கம் தண்ணீர் ஏறி மேல்மட்டத்துக்குச் சரியாக வந்துவிட்டது, விழுவதற்குப் பள்ளம் இல்லை என்று பொருள். வயல் மழையெல்லாம் ஆற்றில் இறங்கி, கீழே வடியாமல் நிற்கிறது. இனிக் கரைதான் தாங்க வேண்டும். அவர் சட்ரஸை இறக்கினார். அத்தை அரிக்கேன் விளக்கோடு எங்கள் தெருவுக்கு ஓடிவந்து, "கரைக்கு வாங்க, கரைக்கு வாங்க" என்று ஒவ்வொரு வாசலிலும் கத்தினார். அந்தக் குரல் இப்போதும் என் காதில் இருக்கிறது. அப்பா கோணிச்சாக்கை எடுத்துக்கொண்டு ஓடினார். அரை மைல் கீழே ஒரு வளைவில் கரையடியில் கசிவு. மூங்கில் கழி அடித்து, தென்னங்கீற்றும் வைக்கோலும் மண்மூட்டையும் போட்டு விடியும்வரை அடைத்தார்கள். உடைப்பு எடுக்கவில்லை. காலையில் அத்தை எல்லாருக்கும் கடுங்காப்பி போட்டுக் கொடுத்தார், சர்க்கரை தீர்ந்துபோய் எங்கள் வீட்டில் வாங்கிப் போனார்.

டவுனில் படுத்திருக்கிறவருக்கு அந்த இரைச்சல் நின்றது எப்படித் தெரியும்? அவர் வேலையில் குறை சொல்லவில்லை. நாலு ரெகுலேட்டருக்கு ஒரே மனிதர் என்றால் எந்த ஆற்றின் பக்கத்தில் அவர் தூங்குவார்? அங்கே தூங்குவதும் வேலைதான். சம்பளம் கையை அசைப்பதற்கு மட்டும் இல்லை, ராத்திரி முழுக்கக் காது அங்கே இருப்பதற்கும் சேர்த்துத்தான். இது புரியாமல்தான், ஓய்வு பெற்றவர் இடத்துக்கு ஆள் போடாமல் விட்டுவிட்டு மிச்சம் பிடித்ததாக நினைக்கிறார்கள்.

மோட்டார் வேண்டாம் என்று நான் சொல்வேனா? அரிச்சந்திரா நதி, அடப்பாறு பக்கமெல்லாம் ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் ரெகுலேட்டர்களைப் புதுப்பித்திருக்கிறார்கள். நல்லது. மாமாவின் தோள்பட்டை அந்தச் சக்கரத்தைச் சுற்றியே போனது. ஆனால் புயல் ராத்திரியில் முதலில் போவது கரண்டு. சென்சார் மட்டத்தைச் சொல்லும், அரிக்கேனை எடுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடாது.

அங்கே குடியிருந்ததைச் சுகவாசம் என்று நினைத்துவிடாதீர்கள். ஓடு மாற்றச் சொல்லி மாமா எழுதிய மனுக்களை அலுவலகத்தில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மழைக்காலத்தில் என் தோழி பாடப்புத்தகத்தை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போவாள், அங்கே நனைந்துவிடும் என்று. ஒழுகுகிற வீட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு எத்தனை நாள் இருப்பார்கள்? அவர்களாக வீட்டை விட்டுப் போனார்கள் என்று இப்போது சொல்வது எனக்கு ஆத்திரமாக வருகிறது.

உங்கள் படத்தில் வாசல் நிலைக்கு இடது பக்கம் துருப்பிடித்த ஒரு கொக்கி தெரிகிறது. பெரிதாக்கிப் பாருங்கள். எங்கள் லஸ்கர் வீட்டிலும் அதே இடத்தில் ஒன்று உண்டு, அரிக்கேன் மாட்டுவது அதில்தான். அடுத்த தடவை தண்ணீர் வந்தபிறகு போங்கள், ஐப்பசி கார்த்திகையில். ஊர் அடங்கியதும் அந்தப் படியில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். பாம்பு இருக்கும், டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். என்ன கேட்டது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்