முன்பிடி நகரவில்லை என்றால் அரத்தை எடுக்க விடாதீர்கள்

வால்பாறைப் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அப்பா காலமானபின் அவருடைய பன்னிரண்டு போர் (bore) ரெமிங்டன் 870 பம்ப் துப்பாக்கி, உரிமம் மாற்றப்பட்டு என்னிடம் வந்துள்ளது. குழலுக்குக் கீழே கையால் பிடித்து நகர்த்தும் முன்பிடியை முன்னே தள்ளி மூடியபின் எவ்வளவு இழுத்தாலும் பின்னால் வர மறுக்கிறது. விசாரித்த இடத்தில், பூட்டு கெட்டுவிட்டது, உள்ளே ஒரு துண்டை ராவினால் சரியாகும், இல்லையென்றால் வந்த விலைக்கு எங்களிடமே கொடுத்துவிடுங்கள் என்கிறார்கள். என்ன செய்யலாம்?"

ராவவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் துப்பாக்கி சரியாகவே வேலை செய்கிறது.

முன்பிடியைப் பின்னுக்கு இழுக்கும்போது போல்ட், அதாவது குழலின் பின்வாயை மூடும் இரும்பு, திறக்கிறது, சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழுகிறது, உள்ளே இருக்கும் சுத்தியல் மடங்கித் தயாராகிறது. முன்னே தள்ளும்போது குழலுக்குக் கீழுள்ள குழாயிலிருந்து அடுத்த தோட்டா மேலேறி, குழலின் பின்முனையில் தோட்டா அமரும் அறைக்குள் போகிறது. கடைசி அரை அங்குலத்தில் ஓர் இரும்புக் கட்டை எழும்பி, குழலின் பின்பகுதியில் வெட்டியிருக்கும் பள்ளத்தில் பொருந்திக்கொள்கிறது. வெடிப்பின் அழுத்தம் முழுவதையும் தாங்குவது இந்தப் பிணைப்புத்தான். இது விலகிய நிலையில் தோட்டா வெடித்தால் அந்த அழுத்தம் சுடுபவரின் முகத்தை நோக்கி வரும். அதனால்தான் சுத்தியல் தயார் நிலையில் இருக்கும்வரை முன்பிடியை நகரவிடாமல் ஒரு சிறிய நெம்புகோல் தடுத்து வைக்கிறது. விசையை இழுத்து, சுத்தியல் விழுந்ததும் அந்தத் தடை தானாகவே விலகும். உங்கள் தந்தை அடுத்தடுத்துச் சுட்டபோது அதைத் தொடவேண்டிய தேவையே அவருக்கு வந்திருக்காது. நீங்கள் சுடாமல் திறக்க முயல்வதால் அது தன் கடமையைச் செய்கிறது.

குழலின் வாயை ஆளில்லாத பக்கம் திருப்பி, விரலை விசையிலிருந்து விலக்கி, விசைக்காப்பு வளையத்துக்கு முன்னால் இடப்பக்கம் துருத்தியிருக்கும் அந்த நெம்புகோலை அழுத்தியபடி முன்பிடியை இழுங்கள். முன்பிடியை முறுக்காக இழுத்துப் பிடித்துக்கொண்டு அழுத்தினால் அது சிக்கிக்கொள்ளும். முதலில் சற்று முன்னே தள்ளி, பிறகு அழுத்துங்கள். திறந்ததும் அறையையும் குழாயையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டு உறுதி செய்யுங்கள். ஒரு தோட்டா வெளியே வந்துவிட்டதால் துப்பாக்கி காலியாகிவிட்டது என்று நினைப்பது ஆளைக் கொல்லும் தவறு. மாஸ்பெர்க் 500 என்னும் வேறொரு பம்ப் துப்பாக்கி வகையில் இந்த நெம்புகோல் வளையத்துக்குப் பின்னால் இருக்கும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, பழைய துப்பாக்கி வைத்திருப்பவர்கள் கவனமாகப் படிக்கவேண்டும். ஜான் பிரௌனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1897 வகையில் சுத்தியல் வெளியே கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும். அதில் சுத்தியல் விழுந்தால் மட்டும் பூட்டு விலகாது. அதன்பின் முன்பிடி சற்று முன்னே நகரவேண்டும். உண்மையாகச் சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைப்பதால் அந்த நகர்வு தானாகவே நடந்துவிடும். தோட்டா உடனே வெடிக்காமல் தாமதித்தால் அவசரத்தில் திறந்துவிடக்கூடாது என்பதற்காக அப்படி அமைத்தார்கள். ஆகவே வெறுமனே விசையை இழுத்துப் பார்த்துவிட்டு, திறக்கவில்லை என்று அதைப் பழுதாக எண்ணவேண்டாம். அதே வகையில், விசையை அழுத்திப் பிடித்தபடி முன்பிடியை முன்னே தள்ளினால் மூடிய கணத்திலேயே தோட்டா வெடித்துவிடும் என்பதையும் மறக்கவேண்டாம். உங்கள் 870 அப்படிச் சுடாது. ஒவ்வொரு முறையும் விசையை விட்டு மறுபடி இழுக்கவேண்டும்.

இனி அந்த அரத்துக்கு வருகிறேன். தடுக்கும் முனையை ராவிவிட்டால் முன்பிடி வெண்ணெய்போல் நகரும்; வாடிக்கையாளர் மகிழ்ச்சியோடு பணம் கொடுத்துவிட்டுப் போவார். ஆனால் சுடுவதற்கு முன்பே போல்ட் திறந்துகொள்ளக்கூடிய துப்பாக்கியை அவர் தோளில் வைக்கிறார். இப்படி ராவப்பட்டவை என் மேசைக்கு வந்திருக்கின்றன, ஒவ்வொன்றிலும் தேயாத பாகத்தையே கெடுத்திருந்தார்கள். நல்ல துப்பாக்கியைப் பழுது என்று சொல்லி அடிமாட்டு விலைக்கு வாங்க நினைக்கும் தரகர்கள், வாரிசாகப் பெற்றவர்களையே அதிகம் தேடி வருகிறார்கள்.

ஆயுதச் சட்டம் 1959, பிரிவு 5இன்படி, துப்பாக்கி பழுது பார்க்கும் தொழிலுக்கும் உரிமம் வேண்டும். அந்த உரிமத்தைக் கேட்டுப் பாருங்கள். காட்டத் தயங்குபவரிடம் கொடுக்காதீர்கள். மக்கள் ஏன் உரிமமில்லாத லேத் பட்டறைக்குப் போகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். 2019இன் திருத்தத்துக்குப் பிறகு உரிமம் ஐந்தாண்டு செல்லும் என்றாலும், புதுப்பிக்கக் கொடுத்த கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போக மாதக்கணக்கில் ஆகிறது. கையில் செல்லத்தக்க உரிமம் இல்லாதவர் முறையான கடைக்குள் நுழையவே அஞ்சுகிறார். பாதுகாப்புக்காக இயற்றிய சட்டம் இந்தத் தாமதத்தால் துப்பாக்கியைத் தகுதியற்றவர் கையில் தள்ளுகிறது.

நெம்புகோலை அழுத்தியும் முன்பிடி வரவில்லை என்றால், சமையல் எண்ணெய் பூசி அது பிசினாக இறுகியிருக்கலாம், அல்லது அறை துருவேறித் தோட்டா ஒட்டியிருக்கலாம். அப்போது தோளில் வைக்கும் பின்கட்டையைத் தரையில் குத்தித் திறக்க முயலாதீர்கள். உள்ளே தோட்டா இருப்பதாகவே கருதி, உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவருக்கு முதலில் தொலைபேசியில் நிலைமையைச் சொல்லிவிட்டு எடுத்துச் செல்லுங்கள். எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழையதைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.