பிசான நெல்லுக்கு ஏஐ ஆகஸ்டில் உரம் போடச் சொல்கிறதா?

பிசானம் என்ற பருவப் பெயரை விட்டுவிட்டு நடவுத் தேதியைக் கொடுங்கள் அண்ணாச்சி. "அக்டோபர் 25 நடவு, அம்பை 16 நெல் ரகம், வாய்க்கால் பாசனம், சேரன்மகாதேவி. மேலுரம் எந்தெந்தத் தேதியில்?" என்று ஒரே செய்தியில் கேளுங்கள். ஆகஸ்ட் குழப்பம் பெரும்பாலும் நின்றுவிடும்.

சாட்ஜிபிடி படித்த நெல் சமாச்சாரத்தில் காவிரிப் படுகைதான் அதிகம் இருக்கும் என்று நினைக்கிறேன். குறுவை, சம்பா கணக்கைத் தாமிரபரணிக் கரைக்கும் அப்படியே போட்டுவிடுகிறது. நமக்குக் கார் பருவம் ஜூன் வாக்கில், பாபநாசம் அணைத் தண்ணீரை நம்பி. பிசானம் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி.

ஒரு சோதனை: புது உரையாடல் திறந்து, அம்பை 16-க்கு வயது எத்தனை நாள் என்று மட்டும் கேளுங்கள். 110–115 வர வேண்டும். 135 என்று அடித்துவிட்டால் (அதையும் அதே தெம்போடுதான் சொல்லும்) அது போட்ட அட்டவணையைத் தூக்கிப் போடுங்கள்.

உர அளவுக்கு மண் பரிசோதனை முடிவைப் பாருங்கள். மருந்து அளவை மட்டும் ஏஐயிடம் கேட்கவே வேண்டாம். இலைப் படத்தைப் பார்த்துச் செம்புள்ளி நோய் என்று சொல்லும், துத்தநாகக் குறையாகவும் இருக்கலாம். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் பக்கம்தானே, பயிரை வேரோடு பிடுங்கிக்கொண்டு போய்க் காட்டுங்கள். அம்பை 16 அங்கே உருவான ரகம்தான்.