டிஎஸ் ஹோம்ப்ரூ மூலநிரல்: எம்ஐடியா, ஜிபிஎல்லா?

வணக்கம் நண்பரே. நிண்டெண்டோ டிஎஸ் கையடக்க விளையாட்டுக் கருவிக்கு நீங்களாகவே எழுதிய (அதுதான் ஹோம்ப்ரூ) எம்பி3 பிளேயரில், எம்பி3 கோப்பை ஒலியாக மாற்றும் லிப்மேட் நூலகம் இருக்கிறது, மூலநிரலை எம்ஐடி என்ற தளர்வான உரிமத்தில் வெளியிடலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

நீங்களே எழுதிய கோப்புகளுக்கு எம்ஐடி போடலாம், தடையில்லை. ஆனால் லிப்மேட் ஜிபிஎல், அதாவது அதைச் சேர்த்து வெளியிடும் நிரலின் மூலநிரலையும் அதே விதியில் கொடுக்கச் சொல்லும் உரிமம். அதோடு சேர்த்துக் கட்டிய என்டிஎஸ் கோப்பை (டிஎஸ்ஸில் ஓடும் கோப்பு) மொத்தமாக ஜிபிஎல் விதிப்படிதான் கொடுக்க முடியும். டிஎஸ் நிரல்களுக்கான அடிப்படை நூலகமான லிப்என்டிஎஸ்ஸால் சிக்கல் இல்லை, அது ஸெட்லிப் என்ற தளர்வான உரிமம்.

லிப்மேடைத் தூக்கிவிட்டு அதே வேலையைச் செய்யும் மினிஎம்பி3 நூலகத்தைப் போடச் சொல்வார்கள். உரிமத்துக்கு அது வசதிதான், டிஎஸ்ஸுக்கு ஆகாது. அது தசமப் புள்ளிக் கணக்கில் ஓடுவது. டிஎஸ்ஸின் 67 மெகாஹெர்ட்ஸ் ஆர்ம்9 சிப்பில் அதற்கான வன்பொருளே கிடையாது. பாட்டு திக்கித் திணறும். லிப்மேட் முழு எண்களை வைத்தே வேலையை முடித்துவிடும். அதையே வைத்துக்கொண்டு ஜிபிஎல்லில் வெளியிடுங்கள்.

எனக்குக் கவலை, நீங்கள் போகிறபோக்கில் சொன்ன அந்த எழுத்துருதான். கடையில் விற்ற விளையாட்டிலிருந்து எடுத்ததை வெளியிட உங்களுக்கு உரிமை இல்லை. இப்போது அழித்தாலும் நிரல் மாற்றங்களைச் சேமித்துவைக்கும் கிட் கருவியின் வரலாற்றில் அப்படியே கிடக்கும். பழைய கமிட்டை (சேமித்த பதிவை) திறந்தால் வந்து நிற்கும். எழுத்துருவை மாற்றிவிட்டு, புதிய களஞ்சியத்தில் முதல் கமிட்டிலிருந்து தொடங்குங்கள்.

அப்புறம், நிரல் அலங்கோலமாக இருக்கிறது என்று தள்ளிப்போடாதீர்கள். எந்த டெவ்கிட்ஆர்ம் (நிரலைக் கம்பைல் செய்யும் தொகுப்பு), எந்த லிப்என்டிஎஸ் பதிப்பில் கட்டினீர்கள் என்பதை மட்டும் ரீட்மீ குறிப்புக் கோப்பில் மறக்காமல் எழுதுங்கள். பதிப்பு மாறினால் பழைய நிரல் கம்பைலே ஆகாமல் போகலாம்.