புதிதாகச் சேர்ந்தவருக்கு என்னைவிட அதிகச் சம்பளம். நான் என்ன செய்வது?

ஐந்து ஆண்டுகளாக ஒரு ஜவுளிக்கடையில் விற்பனையாளராக இருக்கிறீர்கள். போன மாதம் வந்தவருக்கு உங்களைவிடக் கூடுதல் சம்பளம் என்று தெரிந்ததிலிருந்து தூக்கம் இல்லை என்கிறீர்கள். முதலாளியிடம் கேட்பதா, வேலையை விடுவதா என்பது உங்கள் கேள்வி. இப்படிப்பட்ட கடையொன்றில் நீண்டகாலம் சம்பளக் கணக்கு எழுதியவன் நான். இரண்டையும் சற்று ஒத்திப்போடுங்கள் என்பேன். உங்கள் சம்பளம் எதைவிடக் குறைவு என்பதை முதலில் பாருங்கள். பக்கத்தில் நிற்பவரைவிடக் குறைவு என்றால் அது பேரம். சட்டம் சொல்லும் தொகையைவிடக் குறைவு என்றால் அது பாக்கி. பேரத்தில் முதலாளி மறுக்கலாம்; பாக்கியில் அந்த உரிமை அவருக்கு இல்லை.

தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதியம் என்பது அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகை. விலைவாசிக் குறியீட்டெண்ணைப் பார்த்து ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் தேதி அகவிலைப்படியை மாற்றியமைக்கிறார்கள். தொழிலாளர் துறையின் இணையதளத்தில் தொழில்வாரியாக அட்டவணை இருக்கிறது. பழைய ஆட்கள் சறுக்குவது இந்த ஏப்ரலில்தான். புதிதாக வருபவர் அன்றைய சந்தை விலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு சேர்கிறார். பழையவருக்கோ சேர்ந்த அன்று பேசிய சம்பளத்தின்மேல் தீபாவளிக்குத் தீபாவளி ஐந்நூறு, ஆயிரம் ஏறும். அந்த ஐந்நூறை முதலாளி தன் பெருந்தன்மைக் கணக்கில் எழுதிக்கொள்வார். அகவிலைப்படி உயர்வே அதைவிட அதிகமாக இருந்திருக்கும்.

'குறைந்த சம்பளத்துக்குச் சம்மதித்துத்தானே சேர்ந்தாய்?' என்று சூப்பர்வைசர் கேட்டால் அசராதீர்கள். குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே நீங்களே எழுதிக் கொடுத்தாலும் அந்த ஒப்பந்தம் செல்லாது. 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது: குறைந்தபட்ச ஊதியத்துக்கும் கீழே கொடுத்து வாங்கும் வேலை, அரசமைப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பு என்றது.

கடை உங்களைப் பற்றி அரசாங்கத்திடம் என்ன சொல்லியிருக்கிறது என்பதையும் கண்டுபிடித்துவிடலாம். தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளியிடம் பிடிப்பது சம்பளத்தில் 0.75 சதவீதம். மாதம் 90 ரூபாய் பிடிக்கிறார்கள் என்றால், உங்கள் சம்பளம் ஏறத்தாழ 12,000 என்று அங்கே கணக்குக் காட்டியிருக்கிறார்கள். வருங்கால வைப்புநிதியான பி.எஃப். பாஸ்புக்கிலும் அவர்கள் காட்டிய சம்பளம் பதிவாகியிருக்கும், அந்தக் கணக்குக்கு உங்களுக்குத் தந்திருக்கும் யு.ஏ.என். எண்ணைக் கொண்டு நீங்களே பார்க்கலாம். பதிவேட்டில் ஒரு தொகைக்குக் கையெழுத்து, கையில் வேறு தொகை என்ற வழக்கம் பல இடங்களில் உண்டு. வங்கியில் முழுச் சம்பளத்தைப் போட்டுவிட்டு, மறுநாள் ஒரு பகுதியை ரொக்கமாகத் திருப்பி வாங்கும் இடங்களும் உண்டு. அப்படி நடந்தால் பணம் எடுத்த தேதி, கொடுத்த தொகை, வாங்கிய ஆள் எல்லாவற்றையும் அன்றன்றே எழுதி வையுங்கள். சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் பிடிப்பதையும் தனியாகக் குறியுங்கள். கடைக்காரர் நடத்தும் விடுதியில் தங்கும் பெண்களின் சம்பளம் கரைவது பெரும்பாலும் அங்கேதான். ஒன்பது மணிக்குக் கடைக்குள் நுழைந்து இரவு பத்துக்கு வெளியே வந்தால் அந்த நேரத்தையும் எழுதுங்கள். ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் தர வேண்டும். நம் கடைவீதிகளில் ஒரு டீயும் வடையும் தந்து அதை முடித்துவிடுகிறார்கள்.

பாக்கிதான் என்று தெரிந்தால் தொழிலாளர் துறையில் மனுக் கொடுக்கலாம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பின்படி மூன்று ஆண்டுகளுக்குள் கேட்க வேண்டும். பழைய சட்டத்தில் இது ஆறே மாதம். பாக்கியோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு கொடுக்கச் சொல்லும் அதிகாரமும் உண்டு. சம்பளத்தைக் கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்க வேண்டியது முதலாளியின் பொறுப்பு. மனுவை நீங்கள்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை, தொழிற்சங்கமும் கொடுக்கலாம். தனி ஆளாகப் போய் நிற்பதைவிட அதையே நான் விரும்புவேன். புகார் கொடுத்தவரை மறுநாளே குடோனுக்கு மாற்றும் முதலாளிகளைப் பார்த்திருக்கிறேன்.

சட்டத் தொகைக்கு மேல்தான் வாங்குகிறீர்கள், ஆனாலும் புதியவரைவிடக் குறைவு என்றால், அது வெறும் பேரம். அதற்கு நேரம் முக்கியம். பொங்கல் முடிந்து கடை காற்றாடும்போது போய்க் கேட்காதீர்கள். ஆடித் தள்ளுபடிக்குச் சரக்கு இறங்கும்போது கேளுங்கள். அங்கிருந்து தீபாவளி வரை, பட்டுப் பிரிவில் கை தேர்ந்த ஒருவரை இழப்பது முதலாளிக்குப் பெரிய நஷ்டம். வாடகை ஏறிவிட்டது, பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் என்று தொடங்க வேண்டாம். எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். கையில் ஓர் ஆயிரம் ரூபாய் முன்பணமும் ஓர் அறிவுரையும் தந்து அனுப்பிவிடுவார். உங்களையே தேடி வரும் வாடிக்கையாளர்கள் எத்தனை பேர், போன சீசனில் உங்கள் பெயரில் விழுந்த பில் எவ்வளவு என்று சொல்லுங்கள். புதியவரின் பெயரை மட்டும் இழுக்காதீர்கள். அவர் சரியாகக் கேட்டு வாங்கியிருக்கிறார், அவ்வளவுதான்.

இதற்கும் அசையவில்லை என்றால் அடுத்த கடையில் இடத்தை உறுதிசெய்துகொண்டு கிளம்புங்கள். விலகியவரின் கணக்கை இரண்டு வேலை நாட்களுக்குள் தீர்க்க வேண்டும் என்று அதே சட்டத் தொகுப்பு சொல்கிறது. போனஸையும் மறக்க வேண்டாம். இருபது பேருக்குக் குறையாத கடையில், ஆண்டில் முப்பது நாள் வேலை செய்திருந்தாலே குறைந்தது 8.33 சதவீதம் உண்டு. நடுவில் விலகினாலும் வேலை செய்த காலத்துக்கு அது உங்களுக்குச் சேரவேண்டிய பணம். போன தீபாவளிக்குக் கொடுத்த சட்டைத்துணியையும் மிட்டாய்ப் பெட்டியையும் அதில் கழிக்க விடாதீர்கள்.