முகப்பிலிருந்து கல்லாப்பெட்டிக்கு

கேள்வி: மூன்று ஆண்டுகளாக ஒரு விளம்பர நிறுவனத்துக்காக இணையத்தளங்கள் செய்து வருகிறேன். இப்போது ஒரு புதிய நிறுவனம் ஃபிரண்ட் எண்ட் டெவலப்பராக, அதாவது பயன்படுத்துபவர் பார்க்கும் திரைகளைச் செய்பவராக வரச் சொல்கிறது. சிறு வியாபாரிகளுக்கு இன்வாய்ஸ், சம்பளம், சரக்கு இருப்பு மூன்றையும் ஒரே இடத்தில் தரும் மென்பொருளைக் கட்டுகிறார்கள். குழுவில் ஐந்து பேர். திரைகளுக்கு நான் ஒருவன்தான். திரைகளைக் கட்டும் கருவியான ரியாக்ட் நன்றாகத் தெரியும், ஜாவாஸ்கிரிப்டின் விரிவான டைப்ஸ்கிரிப்ட் ஓரளவு. சேர்வதற்கு முன் வேறென்ன படிக்க வேண்டும்?
- செங்காங் வாசகர்

பதில்: ரியாக்ட் போதும். டைப்ஸ்கிரிப்டும் ஒரு மாதம் உட்கார்ந்தால் கைக்கு வந்துவிடும். இன்னொரு ஃபிரேம்வொர்க்கைத் தேடிப் போகாதீர்கள். தெரிந்த கடைக்காரர் யாரிடமாவது பழைய இன்வாய்ஸ் ஒன்றும் சம்பளச் சீட்டு ஒன்றும் வாங்கி, வரி வரியாகப் படியுங்கள்.

இதுவரை நீங்கள் செய்தது கடையின் முகப்பு. வந்தவர் ஒரு நிமிடம் பார்ப்பார், போய்விடுவார். இனி செய்யப்போவது கல்லாப்பெட்டி. மாதக் கடைசியில் கணக்குப் பார்ப்பவர் நாள் முழுக்க அதன் முன்னால்தான் இருப்பார். திரை அழகா என்பதெல்லாம் அவருக்கு அப்புறம். கை எங்கேயும் தடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஒருமுறை சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு மொத்த மளிகை வியாபாரியின் அலுவலகத்தில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். அங்கே கணக்கு எழுதும் அக்கா இடக்கையில் டெலிவரி ஆர்டரைப் பிடித்துக்கொண்டு வலக்கையால் எண்களைத் தட்டிக்கொண்டே போவார். எக்செல்லில் ஊறிய கை. ஒவ்வொரு தொகைக்கும் பின்னால் என்டர். நாங்கள் செய்த படிவத்திலோ என்டர் தட்டினால் இன்வாய்ஸ் சேமித்து அனுப்பப்பட்டுவிடும். காலை பத்து மணிக்குள் ஒரே ஒரு வரியோடு நான்கு அரைகுறை இன்வாய்ஸ்கள் போய்விட்டன. “என்ன தம்பி, நான் முடிக்கிறதுக்குள்ள அதுவே முடிச்சிடுது?” என்றார். மவுஸைத் தொடுவது அபூர்வம், தொட்டாலும் வம்புதான். எண் கட்டத்தில் கர்சர் இருக்கும்போது பக்கத்தை நகர்த்த மவுஸ் சக்கரத்தை உருட்டினார், 120 வெள்ளி 117 ஆனது. அவர் கவனிக்கவில்லை. பின்னால் நின்ற எனக்குத்தான் வியர்த்தது. அன்றே அந்தக் கட்டங்களைச் சாதாரண எழுத்துக் கட்டங்களாக மாற்றினோம்.

அடுத்தது தேதி. சிங்கப்பூரில் பொருள், சேவை வரியான ஜிஎஸ்டி 2023 ஜனவரி 1 அன்று 8 விழுக்காடானது, 2024 ஜனவரி 1 அன்று 9. நான் அப்போது வேலை பார்த்த இடத்தில் அந்தப் புத்தாண்டு மறக்க முடியாதது. வாடிக்கையாளர் ஜனவரி 1 என்று தேர்ந்தெடுத்தால், ஜாவாஸ்கிரிப்ட் அதைச் சிங்கப்பூர் நள்ளிரவு என்று எடுத்துக்கொள்ளும். அதையே ‘டூஐஎஸ்ஓஸ்ட்ரிங்’ என்ற கட்டளை வழியாக, கணக்கைச் சேமிக்கும் மையக் கணினியான சர்வருக்கு அனுப்பினால், உலகப் பொது நேரமான யூடிசிக்கு மாறிவிடும். நாம் எட்டு மணி நேரம் முன்னால் இருப்பதால், அது டிசம்பர் 31 மாலை 4 மணி. சர்வர் தேதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு, பழைய ஆண்டுக்குரிய 8 விழுக்காட்டைப் போட்டுவிட்டது. வருடம் முழுக்க யாருக்கும் தெரியாமல் இருந்த பிழை, வரி மாறிய நாளில் வெளியே வந்தது. இன்வாய்ஸ் தேதி என்பது கடிகார நேரமில்லை. ‘2024-01-01’ என்று வெறும் எழுத்தாகவே அனுப்புங்கள், எழுத்தாகவே சேமிக்கச் சொல்லுங்கள்.

காசுக் கணக்கிலும் இப்படி ஒரு கண்ணி உண்டு. 1 வெள்ளி 5 காசு விலையில் மூன்று பொருள்கள் என்று வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக 9 விழுக்காடு ஜிஎஸ்டி போட்டு, முழுக் காசாக்கினால் 9, 9, 9, ஆக 27 காசு. மொத்தம் 3 வெள்ளி 15 காசுக்கு ஒரேயடியாகப் போட்டால் 28 காசு. திரை ஒரு விதமாகவும் சர்வர் இன்னொரு விதமாகவும் கணக்கிட்டால், அந்த ஒரு காசுக்காக உங்களுக்குத்தான் தொலைபேசி வரும். கணக்கைச் சர்வரே போடட்டும், திரை காட்டினால் போதும். தொகைகளை முழு எண்ணாக, காசில் வைத்திருங்கள்.

எந்த விகிதத்தையும் வரம்பையும் நிரலுக்குள் புதைக்காதீர்கள். மத்திய சேம நிதிச் (சிபிஎஃப்) சந்தாவைக் கணக்கிடும் மாதச் சம்பள உச்சவரம்பு 2023 செப்டம்பரில் 6,300 வெள்ளி, 2024 ஜனவரியில் 6,800, 2025இல் 7,400, 2026இல் 8,000. பழைய மாதச் சம்பளச் சீட்டைத் திறந்தால் அந்த மாத வரம்புதான் தெரிய வேண்டும்.

பெயர் விஷயத்தில் நம்மவர்களே அதிகம் அடிபடுகிறோம். அடையாள அட்டையில் ‘எஸ்/ஓ’ (இன்னாரின் மகன்), ‘டி/ஓ’ (இன்னாரின் மகள்) என்று சாய்கோட்டோடு பெயர் இருக்கும். எழுத்துகள் மட்டுமே செல்லும் என்று ஒரு விதி எழுதிவிட்டால், பாதித் தமிழர்கள் சம்பளப் பட்டியலில் ஏற முடியாது. முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் வைத்தால் சீனருக்கும் மலாய்க்காரருக்கும் சிக்கல். முழுப் பெயருக்கு ஒரே கட்டம், நீளமாக. முடிந்தது.

நீங்கள் ஒருவர்தான் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பட்டன், தேதிக் கட்டம், பட்டியல் எல்லாவற்றையும் சொந்தமாகச் செய்யும் ஆசை வரும். முதல் வருடம் அந்த ஆசையை அடக்கிக்கொண்டு ஆயத்தமாகக் கிடைக்கும் தொகுப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான வரிகள் ஓடும் பட்டியலை நானே எழுதி மூன்று மாதத்தைத் தொலைத்தவன் நான். சர்வர் பக்கத்தைக் கவனிக்கும் பேக் எண்ட் ஆட்கள், திரைக்கும் சர்வருக்கும் இடையே தகவல் போய்வரும் வழியான ஏபிஐயை முடிக்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். என்ன வரும், எந்த வடிவில் வரும் என்று முதல் வாரமே எழுதி ஒப்புக்கொண்டு, போலி டேட்டாவை வைத்துத் திரைகளைக் கட்டுங்கள். அந்தப் போலி டேட்டாவில் வேண்டுமென்றே நீளமான பெயர், பூஜ்யத் தொகை, பாதியில் அறுந்த பதில் எல்லாம் இருக்கட்டும்.

நேர்காணலில் கேட்க ஒரு கேள்வி: சிங்கப்பூரின் மின்-இன்வாய்ஸ் வலையமைப்பான இன்வாய்ஸ்நௌவோடு இணைப்பு இருக்கிறதா? 2025 நவம்பர் 1 முதல், புதிதாகப் பதிவான நிறுவனங்கள் விருப்பப்பேரில் ஜிஎஸ்டிக்குச் சேர்ந்தால் அந்த வழியாகத்தான் இன்வாய்ஸ் விவரங்களை வரி ஆணையத்துக்கு அனுப்பியாக வேண்டும். ‘பிறகு பார்க்கலாம்’ என்று பதில் வந்தால், நீங்கள் கட்டும் திரைகளைப் பாதி வழியில் பிரித்துக் கட்ட வேண்டியிருக்கும்.

அப்புறம், கையெழுத்திடும் முன் ஒரு டெமோ கணக்கு கேட்டு வாங்குங்கள். மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு டேப், என்டர் மட்டும் வைத்து மாத முதல் தேதியில் ஓர் இன்வாய்ஸ் போடுங்கள். ‘எஸ்/ஓ’ உள்ள ஒருவரை ஊழியராகச் சேருங்கள். கண்ட குறைகளை அவர்களிடமே சொல்லுங்கள். யாராவது உடனே குறித்துக்கொண்டால் தைரியமாகச் சேரலாம். ‘அது பயன்படுத்துபவர் தவறு’ என்று சிரித்தால், இப்போதைய வேலையை விட அவசரப்படாதீர்கள்.