கேஸ்கேடா, கடலோர மலையா? – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

வான்கூவர் கட்டுரையில், ஊருக்கு வடக்கே தெரியும் மலைகளைக் 'கோஸ்ட் மவுண்டன்ஸ்', அதாவது கடலோர மலைகள் என்று எழுதியிருந்தீர்கள். நான் பக்கத்தில் சர்ரேயில் இருக்கிறேன். இங்கே சிலர் அவற்றைக் கேஸ்கேட்ஸ் என்கிறார்கள். காரிபால்டி மலையைக் கேஸ்கேட் எரிமலைகளோடு சேர்த்துச் சொல்வதையும் படித்திருக்கிறேன். அமெரிக்காவின் ஓரிகனில் வசிக்கும் என் தம்பியோ, 'கோஸ்ட் ரேஞ்ச் எங்கள் பக்கம்தானே இருக்கிறது' என்கிறான். எது சரி? அப்புறம், காரிபால்டி என்ற இத்தாலியப் பெயர் இங்கே எப்படி வந்தது?

– ஒரு வாசகர், கனடா

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் தம்பி சொல்வது. ஓரிகனின் கோஸ்ட் ரேஞ்ச் வேறு மலைத்தொடர். அதில் மிக உயரமான மேரிஸ் பீக்கே 1,250 மீட்டரைத் தொடாது. கடலை ஒட்டிய அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு வடக்கே போனால், வாஷிங்டனின் ஒலிம்பிக் மலைகள் வழியாக வான்கூவர் தீவுக்குத்தான் போய்ச் சேருவீர்கள் (ஊர் வேறு, தீவு வேறு). உங்கள் வீட்டிலிருந்து தெரியும் மலைகள் அந்த வரிசையில் இல்லை. அவை ஜார்ஜியா நீரிணைக்கு இந்தப் பக்கம், பெருநிலத்தில் நிற்பவை. பிரேசர் ஆற்றில் தொடங்கி, அலாஸ்காவின் தென்கிழக்கு வால் பகுதி வழியாக யூகான் வரை சுமார் 1,600 கிலோமீட்டர் போகின்றன.

கேஸ்கேட்ஸுக்கும் இவற்றுக்கும் எல்லை பிரேசர் ஆறுதான். ஹோப் என்ற ஊர்ப் பக்கம் ஆற்றுக்குக் கிழக்கிலும் தெற்கிலும் இருப்பவை கேஸ்கேட்ஸ்; ஆற்றைத் தாண்டி வடமேற்கே இருப்பவை கடலோர மலைகள். வரைபடம் போடுகிறவர்களுக்கு இது போதும். எரிமலை ஆய்வாளர்களுக்குப் போதாது. பசிபிக்கின் அடியில் ஹுவான் டி பூகா என்ற புவித்தட்டு கண்டத்தின் கீழே செருகிக்கொண்டு போகிறது. அதனால் உருவான எரிமலை வரிசை வடக்கு கலிபோர்னியாவில் ஆரம்பித்து, பிரேசரைத் தாண்டியும் நீள்கிறது. காரிபால்டி அந்த வரிசையில் உள்ளது. ஆகவே அது கடலோர மலைகளில் நிற்கும் கேஸ்கேட் எரிமலை. நீங்கள் படித்ததும் சரி, நான் எழுதியதும் சரி. சுற்றியுள்ள மலைகளில் பெரும்பாலானவை எரிமலைகளே அல்ல, பழைய கருங்கல் பாறைகள்.

இனி பெயர். 1860இல் பிரிட்டிஷ் கடற்படையின் அளவைக் கப்பலான 'பிளம்பர்' இந்தக் கரையோரத்தில் வேலை செய்துகொண்டிருந்தது. அதன் தலைவர் கேப்டன் ரிச்சர்ட்ஸ் கடலிலிருந்தே மலையைப் பார்த்து, சிசிலியிலும் நேப்பிள்ஸிலும் அந்த ஆண்டு வென்ற இத்தாலியப் படைத்தலைவர் காரிபால்டியின் பெயரை அதற்கு வைத்துவிட்டார். காரிபால்டிக்கும் இந்த மலைக்கும் ஒரு தொடர்பும் கிடையாது.

அங்குள்ள பூர்வகுடிகளான ஸ்குவாமிஷ் மக்கள் அந்த மலையை 'ன்ச்கை' என்கிறார்கள். அழுக்கான இடம் என்று பொருள். இது ஏளனம் அல்ல, கூர்ந்து பார்த்து வைத்த பெயர். பனியுகத்தின் கடைசியில் அந்த எரிமலையின் ஒரு பகுதி பனிப்பாறைமேல் வளர்ந்திருந்தது. பனி உருகியதும் மேற்குச் சரிவு இடிந்து விழுந்தது. நொறுங்கிப்போன அந்தப் பாறையும் சாம்பலும் இன்றும் சீக்கி ஆற்றைக் கலங்கலாக்குகின்றன. பெருவெள்ளம் வந்தபோது முன்னோர்கள் தங்கள் ஓடங்களை இந்த மலையில்தான் கட்டிவைத்தார்கள் என்பதும் அவர்கள் வழக்கு. ஒரு கப்பல் தலைவர் தூரத்திலிருந்து வைத்த பெயரைவிட இதில் எவ்வளவு விஷயம் இருக்கிறது பாருங்கள்!

காரிபால்டியைவிட என்னை அதிகம் உறுத்துவது வாடிங்டன் என்ற பெயர். இந்தத் தொடரில் மிக உயரமானது அந்த மலை, 4,019 மீட்டர். 1925இல் மலையேறிகளான டான், பிலிஸ் மண்டே தம்பதியர் வான்கூவர் தீவிலிருந்து அதைப் பார்த்து, 'மர்ம மலை' என்று அழைத்தார்கள். 1928இல் அரசு அதற்கு ஆல்பிரட் வாடிங்டன் பெயரைச் சூட்டியது. பியூட் கடற்கழியிலிருந்து உள்நாட்டுக்குச் சாலை போட முனைந்த வணிகர் அவர். 1864இல் சில்கோடின் என்ற பூர்வகுடி மக்கள் அந்தச் சாலைக்கூலிகளைத் தாக்கிக் கொன்றார்கள். பேச்சுவார்த்தை என்று நம்பி வந்த அவர்கள் தலைவர்களைக் காலனி அரசின் அதிகாரிகள் கைது செய்தார்கள்; அந்த ஆண்டு ஐந்து பேரையும், மறு ஆண்டு ஆறாவது தலைவரையும் தூக்கிலிட்டார்கள். 2018இல் கனடா பிரதமர் நாடாளுமன்றத்தில் அந்த ஆறு பேரும் குற்றமற்றவர்கள் என்று அறிவித்தார். மலை மட்டும் சாலை போட வந்தவர் பெயரையே சுமக்கிறது. குறைந்தபட்சம் மண்டே தம்பதியர் வைத்த பெயரையாவது விட்டிருக்கலாம்.

பெயரை மாற்றவே முடியாது என்று யாராவது சொன்னால், பனிச்சறுக்குக்குப் பேர்போன விஸ்லர் மலையைக் காட்டுங்கள். முன்பு அதன் பெயர் லண்டன் மலை. லண்டன் என்றாலே மூடுபனியும் மழையும் நினைவுக்கு வருகிறது, பனிச்சறுக்கு வியாபாரத்துக்கு ஆகாது என்று 1965இல் அதிகாரபூர்வமாக மாற்றிவிட்டார்கள். வியாபாரத்துக்காகச் செய்ததை ஸ்குவாமிஷ் மக்களுக்காகவும் செய்யலாம். 99ஆம் நெடுஞ்சாலையில் போனால் பலகைகளைக் கவனியுங்கள். பல இடங்களில் அவர்கள் மொழிப் பெயரும் ஆங்கிலத்தோடு சேர்ந்தே இருக்கும். நான் இனிமேல் எழுதும்போது ன்ச்கை என்றுதான் முதலில் எழுதுவேன், காரிபால்டி அடுத்ததாக வரும்.

அன்புடன்.